போகாத இருபத்தெட்டு கிலோமீட்டர்

ஜனவரி 7, 2025. செவ்வாய்

பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது போனில் வந்தது. வருமான வரித் துறை. இரண்டாவது நோட்டீஸ். ஜூனில் வந்த முதலாவதை, என் வரிக்கணக்கு எழுதும் ஏசுதாசன் சாருக்கு அனுப்பிவிட்டு மறந்திருந்தேன். மறப்பது எனக்கு நன்றாக வரும்.

2022–23ஆம் ஆண்டு வருமானத்தில் நான் கழித்துக்கொண்ட பயணச் செலவுக்கு விவரம் கேட்கிறார்கள். நாள். புறப்பட்ட இடம். சேர்ந்த இடம். நோக்கம். தூரம். ஆதாரம்.

எங்கிருந்து வந்தாய், எங்கே போனாய், எதற்காக — மதுரையில் தத்துவம் எம்.ஏ. படித்த இரண்டு வருடமும் இந்தக் கேள்விகளுக்குத்தான் பதில் எழுதினேன். அப்போது யாரும் ஆதாரம் கேட்கவில்லை.

அம்மா அடுப்படியிலிருந்து, "என்னத்தா, வாயில நுரையோட நிக்கிற?" என்றாள்.

ஒன்றுமில்லை என்றேன். நுரை சட்டையில் ஒழுகியது.


ஜனவரி 9. வியாழன்

தேனி போனேன். ஏசுதாசன் சாரின் அலுவலகம் கடைவீதியில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில். முப்பது வருடமாகக் கடைக்காரர்களுக்கு வரிக்கணக்கு எழுதுகிறார். என்னைப் போன்ற ஆட்கள் அவருக்குப் புதிது.

"கம்பெனிக்காரவுக உன்னைய வேலைக்கே வைக்கலம்மா. நீ தனி வியாபாரி. கீழ பாத்திரக் கடை ஒரு கடைன்னா தேவயானியும் ஒரு கடை. பேர்ப் பலகை இல்ல, அம்புட்டுத்தான்."

கடையின் வியாபாரம் இது. மழையிலோ காற்றிலோ தோட்டம் சேதமாகிக் காப்பீடு கேட்டு விவசாயி மனுப் போட்டால், சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனி எனக்கு சர்வே எண்ணை அனுப்பும். நான் போய்ப் பார்த்து, போட்டோ எடுத்து, சேதம் உண்டு அல்லது இல்லை என்று ஆப்பில் ஏற்ற வேண்டும். ஒரு தோட்டத்துக்கு இவ்வளவு என்று காசு. பெட்ரோல் தனியாகக் கிடையாது. பக்கத்து ஊரும் அதே காசு, மேகமலை உச்சியும் அதே காசு. அந்தத் தொகை முழுவதையும் என் வருமானம் என்று அரசாங்கத்துக்குச் சொல்லி, பத்து சதவீதத்தை வரியாகப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்புவார்கள். பெட்ரோல், டயர், மலைக்கு ஜீப் என்று செலவழிந்ததை நான் கழித்துக் காட்டினால் பிடித்த வரி திரும்பி வரும். வந்தது. அதோடு சேமிப்பையும் சேர்த்துத்தான் சின்னமனூரில் இந்த வீட்டை ஒத்திக்குப் பிடித்தோம்.

"வீட்டுலருந்து ஆபீசுக்குப் போற செலவக் கழிக்க முடியாது. அது சட்டம்," என்றார். "ஆனா உனக்கு ஆபீசே இல்ல. வீடுதான் ஆபீசு. அதனால வாசப்படியத் தாண்டுனா தொழில் பயணம்."

"வழியில மீன் வாங்கினா சார்?"

"மீனுக்குன்னு வண்டியத் திருப்பாம இருந்தாச் சரி."

சிரித்தார். நானும். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். ஆதாரம் தராவிட்டால் கழித்த செலவு மொத்தத்தையும் தள்ளிவிடுவார்களாம். வரி, வட்டி, அபராதம். ஒரு தாளில் தொகையை எழுதி என் பக்கம் திருப்பி வைத்தார்.

வீட்டைக் காலி செய்து ஒத்திப் பணத்தைத் திரும்ப வாங்கினால்தான் கட்ட முடியும்.


ஜனவரி 10

அப்பா இறந்த பிறகு எட்டு வருடம் உத்தமபாளையத்தில் மாமன் வீட்டில் இருந்தோம். அங்கே அம்மா அரிசி டப்பாவைத் திறந்தால் அத்தை எங்கிருந்தாலும் வந்து நிற்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். நிற்பாள். இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் அம்மா அரிசி டப்பாவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். யாரும் வரவில்லை.

அங்கே அவளைத் திரும்பக் கூட்டிப் போக முடியாது. எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இது ஒன்றுதான்.


ஜனவரி 11. சனி

பெட்ரோல் பில்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தேன். இன்று திறந்தேன். எல்லாம் வெள்ளைத் தாள். இரண்டு கோடை வெயில் தகரத்துக்குள் புகுந்து எழுத்தைத் தின்றிருக்கிறது. சிலவற்றில் ஒரு நிழல். ஒரு ஒன்பது, பாதி தேதி. ஜன்னலருகே சாய்த்துப் பிடித்தேன். போய்விட்டது.

ஜீப்காரர்கள் பில் கொடுத்ததே இல்லை. மேகமலை ஏற்றத்தில் வண்டி சறுக்கி விழுந்த நாளுக்கு என் முழங்காலில் ஒரு தழும்பு இருக்கிறது. அதை ஸ்கேன் செய்து ஏற்றலாமா?


ஜனவரி 14

பொங்கல். அம்மா வைத்தாள். நான் சாப்பிட்டேன் என்று நினைக்கிறேன்.


ஜனவரி 18. சனி

காலையில் சார் போன் செய்தார். "டைரி கீரி எழுதுற பழக்கம் உண்டாம்மா?"

உண்டு என்று சொல்லியிருக்கக் கூடாது.

"பெறகென்ன! அத வச்சே பயணப் பதிவேடு போட்டுரலாம். அன்னன்னைக்கு எழுதுனதுன்னா அதுக்கு ஒரு மதிப்பு இருக்கு."

2022ஆம் வருட நோட்டை எடுத்தேன். அன்று நானாக இருந்த அந்தப் பெண் என்னைவிட நன்றாக எழுதியிருக்கிறாள். 'ராயப்பன்பட்டி. கோயில் மணி அடிக்கும்போது வாழைக்குள் நின்றேன். எல்லா மரங்களும் ஒரே திசையில் விழுந்திருந்தன, ஏதோ சொல்லி வைத்தது போல.' இப்படிப் பக்கம் பக்கமாக. தேதி இருக்கிறது, ஊர் இருக்கிறது. தூரம் மட்டும் இல்லை.

பிறகு நவம்பர் 15.

'காய்ச்சல் 102. எங்கும் போகவில்லை. பதினோரு வீட்டுத் தோட்டம் முடித்தேன். கஞ்சி.'

வீட்டுத் தோட்டம் என்பது எங்கள் ஆட்களுக்குள் ஒரு சொல். போகாமலே முடிக்கிற தோட்டம். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர் யாரையாவது பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டோ வாங்க வேண்டும். போன் நிற்கும் இடத்தை மாற்றிக் காட்டுகிற ஒரு ஆப் இருக்கிறது. எண்களைத் தட்டினால், போர்வைக்குள் கிடக்கும் போன், தான் ஓடைப்பட்டியில் நிற்பதாக நம்பும். எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பாண்டீஸ்வரன் அண்ணன்தான் கற்றுக் கொடுத்தார். "போற வார பெட்ரோலுக்கே காசு பத்தலன்னா என்ன செய்யிறது தங்கச்சி? வாரத்துக்கு நாலு வீட்டுத் தோட்டம் போட்டாத்தான் கொழம்புல காய் கெடக்கும்."

எண்ணிப் பார்த்தேன். அந்த வருடம் எழுநூற்று நாற்பது தோட்டம். அதில் வீட்டுத் தோட்டம் நூற்றுப் பதினெட்டு. சார் எழுநூற்று நாற்பதுக்கும் தூரம் போட்டுச் செலவைக் கழித்திருக்கிறார். அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

ஆப்பைத் திறந்து பழைய பதிவுகளைப் பார்த்தேன். மேகமலையில் நிஜமாக நின்று எடுத்த போட்டோக்கள், சிக்னல் இல்லாமல், நான் கம்பம் பஸ் ஸ்டாண்டில் நின்றதாகப் பதிவாகியிருக்கின்றன. படுக்கையிலிருந்து ஏற்றியவை மட்டும் மீட்டர் பிசகாமல் இருக்கின்றன.


ஜனவரி 22. புதன்

பாண்டீஸ்வரன் அண்ணன் கூப்பிட்டார்.

"தேவி மேடம், சின்ன வேலை. தேனிக்கு வந்து ஒரு கையெழுத்து."

"எதுக்குண்ணே?"

ஓடைப்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டம். பிச்சையம்மாள் என்று ஒருவர். மழையில் பழம் போய்விட்டது என்று காப்பீடு கேட்டிருக்கிறார். நான் 'சேதம் இல்லை' என்று அறிக்கை கொடுத்ததால் மனுவைத் தள்ளிவிட்டார்கள். யாருமே வந்து பார்க்கவில்லை என்று அவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறார். நான் நேரில் போனேன் என்று உறுதிமொழிப் பத்திரம் வேண்டுமாம்.

"என்னைக்குப் போனதாம்?"

"நவம்பர் பதினஞ்சு. ரெண்டாயிரத்து இருபத்திரெண்டு. மத்தியானம் ரெண்டு இருவதுன்னு ஆப்புல இருக்கு. ஏன், ஞாபகம் இல்லையா?"

இருக்கிறது என்றேன்.


ஜனவரி 23

பிச்சையம்மாள் தோட்டம் என்று நான் அன்று ஏற்றிய படத்தை ஆப்பில் எடுத்துப் பார்த்தேன். பந்தல் நிறையக் கருங்குலைகள். இலைகளுக்கிடையில் பளீரென்று வெயில். அந்த வாரம் முழுவதும் மழை. நோட்டிலேயே எழுதியிருக்கிறேன், துணி காயவில்லை என்று. மழை வாரத்தில் வெயில் படத்தை ஏற்றியிருக்கிறேன். கம்பெனி கவனிக்கவில்லை. நானும்தான்.

யாருடைய தோட்டம் அது? அனுப்பியவரின் பெயர்கூடப் போனில் இல்லை.


ஜனவரி 27. திங்கள்

மறுபடி தேனி. மறுபடி மாடிப்படி.

"சார், சில நாள் போகலன்னா என்ன ஆகும்?"

"எந்தச் சில நாள்?"

"சும்மா கேக்குறேன்."

"சும்மா கேக்குறவுக இம்புட்டுப் படி ஏறி வர மாட்டாகம்மா." மின்விசிறியைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "கேளு. அவுக கம்பெனிக்கு எழுதிக் கேப்பாக. கம்பெனி ரிப்போர்ட்டும் உன் பதிவேடும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகணும். ஒரு நாள் பொய்யின்னு வந்தா அந்த ஒரு நாளோட விட மாட்டாக. மொத்தப் பதிவேட்டையும் நம்ப முடியாதுன்னு தள்ளிருவாக. போன நாளும் சேந்து போயிரும்."

நான் வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தினார்.

"எங்கிட்ட எதையும் சொல்லாத. தெரிஞ்சுக்கிட்டு நான் ஏத்த முடியாது. ஞாயித்துக்கிழமை நான் கோயில்ல முன் வரிசையில உக்காருற ஆளு."

பாதி வேடிக்கையாகத்தான் சொன்னார். பாதி.

இறங்கும்போது படிகளை எண்ணினேன். இருபத்திரண்டு. போன இடத்தை இப்படித்தான் இனி ஒவ்வொன்றாக எண்ணி வைத்துக்கொள்ள வேண்டுமா?


பிப்ரவரி 2. ஞாயிறு

அம்மாவிடம் பாதி சொன்னேன். வரி கட்ட வேண்டி வரலாம், வீட்டை விட வேண்டி வரலாம் என்று. மறு பாதியைச் சொல்லவில்லை.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"நீ என்ன போகாத எடத்துக்கா போனேன்னு எழுதுன? வெயில்ல கருவாடாக் காஞ்சு வந்து விழுந்தயே, நான் பாக்கலயா? எங்கிட்ட வந்து கேக்கச் சொல்லு அவுகள. நான் சொல்லுறேன்."

தண்டுகளை ஒரு பக்கமாகவும் இலையை ஒரு பக்கமாகவும் ஒதுக்கினாள். அவள் கை அவ்வளவு வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை.


பிப்ரவரி 5. புதன்

பதிவேடு எழுதுகிறேன். எழுநூற்று நாற்பது வரி. காலையில் ஆரம்பித்தது.

நிஜமாகப் போன நாட்கள் கஷ்டமாக இருக்கின்றன. ஞாபகம் குறுக்கே வருகிறது. ராயப்பன்பட்டிக்கு நேராகப் போனேனா, உத்தமபாளையம் சுற்றிப் போனேனா? ஒரு நாள் வாய்க்கால் கரையில் வண்டியை நிறுத்தி அழுதேன். அதற்கு எத்தனை கிலோமீட்டர்? அது தொழில் பயணமா, சொந்தப் பயணமா?

போகாத நாட்கள் சுலபம். ஆப்பைப் பார்த்து எழுதினால் போதும்.

'15.11.2022. சின்னமனூர் – ஓடைப்பட்டி – சின்னமனூர். நோக்கம்: தொழில். 28 கி.மீ.'

எழுதியதும், ஏதாவது நடக்கும் என்று ஒரு நிமிடம் காத்திருந்தேன். ஒன்றுமில்லை. அடுத்த வரிக்குப் போனேன். அதுதான் பயமாக இருக்கிறது.


பிப்ரவரி 6

ஏற்றியாகிவிட்டது. வெற்றிகரமாகச் சமர்ப்பிக்கப்பட்டது என்று வந்தது.


பிப்ரவரி 7

ஓடைப்பட்டியில் ஒரு தோட்டம் ஒதுக்கினார்கள். வேண்டாம் என்று தள்ளினேன்.


பிப்ரவரி 17. திங்கள்

உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். நோட்டரியின் மேஜையில் பாதி கடித்த வடை. 'மேற்படி தேதியில் மேற்படி தோட்டத்துக்கு நேரில் சென்று பார்வையிட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.'

மறுக்கலாம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்துப் பார்த்தேன். மறுத்தால் வரித் துறைக்குக் கொடுத்த பதிவேடு பொய் என்று ஆகும். பதிவேடு பொய் என்றால் வீடு போகும். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று என்பார்கள். அப்படி இல்லை. பொய் ஒன்றுதான். அதை இரண்டு அலுவலகங்கள் கேட்கின்றன.

பத்திரத்தோடு என் பழைய ஒப்பந்தத்தின் நகலையும் வைத்திருந்தார்கள். இன்றுதான் முழுதாகப் படித்தேன். 'ஒப்பந்ததாரரின் பயணமும் அதன் செலவும் அதனால் நேரும் இடரும் ஒப்பந்ததாரரையே சேரும்.'

அப்படியானால் போகாததும் என்னுடையதுதான்.


மார்ச் 4. செவ்வாய்

எழுதாமல் இருக்க முடியாது. எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

ஆணையத்தில் நேரிலும் வரச் சொல்லியிருந்தார்கள். பாண்டீஸ்வரன் அண்ணன் வக்கீலோடு வெளியே டீ குடிக்கப் போய்விட்டார். நீள பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஓர் அம்மா. ஐம்பது இருக்கும். மடியில் துணிப்பை, பைக்குள் தூக்குவாளி. விரல் நுனியெல்லாம் கறை. கத்தரி பிடித்துக் குலை வெட்டும் கை. பார்த்ததும் தெரிந்துவிட்டது.

எழுந்து போயிருக்க வேண்டும்.

"எந்தூருத்தா?"

"சின்னமனூர்."

"வாங்குன பொருளு ரிப்பேரா?"

தலையை எப்படியோ அசைத்தேன்.

"எங்களுக்குத் தோட்டமே ரிப்பேரு." அவரே சிரித்துக்கொண்டார். "மழ அடிச்ச மறுநாளே பழம் பூராம் வெடிச்சுப் போச்சு. ஈ மொய்க்குது. உள்ள காலு வைக்க முடியல, சாராயக் கட மாதிரி நாத்தம். வெட்டி எறிஞ்சிருந்தா கொடி தப்பிச்சிருக்கும். வெட்டலயே! ஆளு வந்து பாக்கணும்ல? வெட்டிட்டா எதக் காட்டுறது? பத்து நா அப்பிடியே தொங்க விட்டுட்டுக் காத்துக்கெடந்தோம்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்க வீட்டுக்காரரு ரோட்டுலயே போயி நின்னாரு. பொம்பளப் பிள்ள வருது, ஸ்கூட்டியில வரும்னு யாரோ சொல்லிட்டாக. போற வார ஸ்கூட்டிய எல்லாம் மறிச்சாரு. கம்பெனியா, கம்பெனியான்னு. டீச்சரம்மாவக் கூட விடல. போலீசுகாரன் அம்புட்டு வண்டிய மறிச்சிருக்க மாட்டான்."

"வரலையா?"

ஏன் கேட்டேன்? ஏன்? கேட்கவே கூடாது என்றுதான் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"வந்துச்சுன்னுதான் எழுதியிருக்காக. தேவயானியாம். முருகன் பொண்டாட்டி பேரு. மயிலு மேல ஏறி மேலாலயே வந்து பாத்துட்டுப் போயிருப்பா போல. அதான் எங்க கண்ணுல படல."

பூஞ்சை பிடித்துக் கொடி முழுவதும் போய்விட்டதாம். வெட்டி அடுப்புக்குப் போட்டார்களாம். கல்தூண் மட்டும் நிற்கிறதாம் வரிசையாக. இப்போது பக்கத்துத் தோட்டத்தில் கூலிக்குக் குலை வெட்டப் போகிறார். "சொந்தத் தோட்டத்துல வெட்டும்போது முதுகு வலிக்கல. இப்ப வலிக்குது. என்ன மாயமோ."

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். பிச்சையம்மாள். பிறகு என் பெயர்.

இருவரும் ஒன்றாக எழுந்தோம்.

அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். நான் எதிர்பார்த்தது எதுவும் அந்த முகத்தில் இல்லை. கோபம்கூட இல்லை. சின்ன ஆச்சரியம், அவ்வளவுதான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கேட்டார்:

"மயில எங்கனத்தா கட்டிப்போட்டிருக்க?"

உள்ளே ஒரே ஒரு கேள்விதான். இது உங்கள் கையெழுத்தா? ஆமாம் என்றேன். அது உண்மை. அவர்கள் கேட்டது அவ்வளவுதான்.


மார்ச் 5

பத்து நாள் தொங்கவிட்டுக் காத்திருந்தார்கள்.


மார்ச் 8

பத்து நாள்.

மழையால் போனது ஒரு பருவம். கொடி போனது எனக்காகக் காத்திருந்ததால். இது எந்தப் படிவத்தில் வரும்? எந்தக் கட்டத்தில்?


மார்ச் 11. செவ்வாய்

இந்த வாரம் வந்த ஒன்பது தோட்டத்துக்கும் நேரில் போனேன். ஒவ்வொரு பந்தலுக்குள்ளும் ஒவ்வொரு வாழைக்குள்ளும் நடந்தேன். ஆட்கள் தண்ணீர் கொடுத்தார்கள். ஒருவர், "இம்புட்டு உள்ள யாரும் வந்ததில்லத்தா" என்றார். எதையும் ஈடுகட்டுவது போல இல்லை. வெறும் வெயில்.

திரும்பும்போது ஓடைப்பட்டிக் கிளைச் சாலை பிரியும் இடத்தில் வண்டியை நிறுத்தினேன். அதற்குள் திரும்பவில்லை. போகத் தைரியம் இல்லை. போனால் என்ன சொல்வது? தாமதத்துக்கு மன்னிக்கவும் என்றா?


மார்ச் 19. புதன்

வரித் துறையின் ஆணை வந்துவிட்டது. சார் படித்துக் காட்டினார். பதிவேடு கம்பெனியின் அறிக்கையோடு ஒத்துப் போகிறது. பயணங்கள் தொழிலுக்காக மேற்கொள்ளப்பட்டவை. செலவு ஏற்கப்படுகிறது. கூடுதல் வரி இல்லை.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்," என்றார் சார். என் கண்ணைப் பார்க்கவில்லை.

அப்படியானால் நான் போயிருக்கிறேன். இந்திய அரசாங்கமே சொல்கிறது. நவம்பர் 15 காய்ச்சலோடு எழுந்து, வண்டியை எடுத்து, மழையில் ஓடைப்பட்டி போய், மதியம் இரண்டு இருபதுக்கு அந்தப் பந்தலுக்குக் கீழே நின்றிருக்கிறேன். ரோட்டில் ஒருவர் மறித்திருப்பார். கம்பெனியா என்று கேட்டிருப்பார். ஆமாம் என்றிருப்பேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா கேசரி கிண்டினாள். முந்திரி வாங்க அவளே கடைக்குப் போனாள்.

சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. அதுதான் தாங்கவில்லை.


மார்ச் 20

இல்லை. நான் போகவில்லை.


மார்ச் 24

2022ஆம் வருட நோட்டைக் கொளுத்திவிடலாம் என்று கொல்லைக்கு எடுத்துப் போனேன். உலகத்தில் நான் போகவில்லை என்று சொல்கிற ஒரே ஒரு தாள். தீப்பெட்டி ஈரம். இரண்டு குச்சி கிழித்தேன். மூன்றாவதைக் கிழிக்கவில்லை. நல்ல எண்ணத்தால் அல்ல. சோர்வு.


மார்ச் 28. வெள்ளி

பாண்டீஸ்வரன் அண்ணன். "படத்துல இருக்குற தோட்டமும் அந்தம்மா தோட்டமும் ஒண்ணுதானான்னு கம்பெனியே நேர்ல பாத்து அறிக்கை குடுக்கணும்னு ஆணையத்துல சொல்லிட்டாக. நீ மெரளாத. புதுசாச் சேந்த பிள்ள ஒண்ண அனுப்புறேன். கொடியெல்லாம் வெட்டியாச்சு, வெறுங்கல்லுதான் நிக்கிது. என்னத்தக் கண்டுபிடிக்கப் போறாக?"

பிறகு, "கம்பெனிக்கு ஒண்ணும் ஆகாது தங்கச்சி. நீ தனி ஆளு. அதுதான் ஒப்பந்தம். ஏதாச்சும்னாலும் உன்னோட நின்னுரும்."

ஆறுதலாகத்தான் சொன்னார்.


ஏப்ரல் 3

வேலைக்குப் போகவில்லை. மூன்றாவது நாள். அம்மா கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவளுக்கு மாமன் வீட்டில் பழகிய வித்தை.


ஏப்ரல் 12. சனி

காலை பத்தரை. தெரியாத எண்.

"அக்கா, நான் திரிஷா பேசுறேன். கம்பெனியில புதுசாச் சேந்துருக்கேன். பாண்டீஸ்வரன் அண்ணன்தான் உங்க நம்பர் குடுத்தாக."

பின்னால் லாரி ஹாரன். காற்று.

"ஓடைப்பட்டியில நிக்கிறேன்க்கா. தண்ணி டேங்குகிட்ட ரோடு ரெண்டாப் பிரியுது. மேப்பு என்னடான்னா ஓடைக்குள்ள எறங்கச் சொல்லுது. பிச்சையம்மா தோட்டத்துக்கு எடது பக்கமா, வலது பக்கமா? பழைய ரிப்போர்ட்டுல நீங்க ஒருத்தர்தான் வந்துருக்கீக."

இடது என்று சொல்லியிருக்கலாம். சரியாக இருக்கப் பாதி வாய்ப்பு உண்டு. தவறாக இருந்தாலும் ஞாபகப் பிசகு என்று போயிருக்கும். இரண்டரை வருடம் ஆகிறது.

"தெரியாதும்மா. நான் அங்கன வந்ததில்ல."

"அந்த வழியா வந்ததில்லயாக்கா?"

"எந்த வழியாவும் வந்ததில்ல. அன்னைக்குக் காய்ச்சல். வீட்டுல படுத்திருந்தேன். படம் வேற யாரோ தோட்டம்."

அவள் வண்டியை அணைத்துவிட்டாள் போலிருக்கிறது. சத்தம் சட்டென்று நின்றது. எங்கோ ஒரு ஆடு கத்தியது.

"அக்கா," என்றாள். "இத நான் அறிக்கையில எழுதணுமா?"

கேள்வியில் குத்தல் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருக்கும். யாரும் அவளுக்கு எதுவும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அல்லது, சொல்லிக் கொடுத்த பிறகும் புறப்பட்டுப் போயிருக்கிறாள்.

வாசலில் அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என் சட்டையை உதறி, கையைப் பிடித்து இழுத்துச் சுருக்கம் எடுத்து, கயிற்றில் போட்டாள்.

"எழுது," என்றேன். "எங்கிட்ட அந்த வருசத்து நோட்டு இருக்கு. கேட்டாத் தாறேன்னு அதையும் எழுது."

"உங்களுக்குப் பிரச்சனை வராதாக்கா?"

"வரும்."

டேங்குக்குப் பக்கத்தில் யாரையாவது கேட்டுப் போகச் சொன்னேன். சரி என்றாள். வைப்பதற்கு முன் தேங்க்ஸ் என்றாள், பழக்க தோஷத்தில்.

போனை வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன். அம்மா கையில் இன்னும் ஒரு சேலை மீதம் இருந்தது. அதை வாங்கி நானே காயப்போட்டேன். அவளிடம் சொல்லாத மறு பாதி இருந்தது. உள்ளே வந்து கொஞ்சம் உட்காரச் சொன்னேன்.